சாயாத வண்டியில் சுப்பீரியரைச் சுற்றி

“என்னண்ணை, கடைசியில ஓட்டோவே வாங்கிட்டியள்?”

ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க்கடை வாசலில் வண்டியை நிறுத்தினாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு மூன்று சக்கரம் என்றால் ஓட்டோதான், கேட்பவரில் பிழையில்லை. ஆனால் இது ஓட்டோவை முன்பின்னாக மாற்றிய வண்டி. ஓட்டோவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. என்னுடைய கான்-ஆம் ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

ஏன் இப்படி என்பது வளைவில் பிரேக் பிடிக்கும்போது விளங்கும். ஓடுகிற வண்டியை வளைவுக்குள் அமர்த்தினால் அதன் பாரம் முன்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் தள்ளும். அந்த மூலையில் ஒரு சக்கரம் இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். ஓட்டோவில் அந்த மூலை வெறுமையாக இருக்கிறது. சந்தியில் வேகமாகத் திரும்பும் ஓட்டோவுக்குள் இருப்பவர்கள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆண்டவனை நினைப்பது அதனால்தான். ஹார்லி-டேவிட்சன் 2009 மாடலாக விட்ட ட்ரை கிளைடில் பின்னால் இரண்டு சக்கரம் வைத்ததற்குக் காரணம் பழக்கம்: 1932 முதல் 1973 வரை அவர்கள் செய்த சேர்வி-கார் அப்படித்தான் இருந்தது, அமெரிக்கப் பொலிஸார் அதில் ஏறித்தான் தெருவோரக் கார்களுக்குத் தண்டச்சீட்டு எழுதினார்கள். மெதுவாகப் போய் அடிக்கடி நிற்கும் வேலைக்கு அது போதும். 

ஸ்பைடரின் வடிவம் வேறு வழியாக வந்தது. கியூபெக்கின் வல்கூர் என்ற சிற்றூரில் பிறந்த ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே ஒரு கராஜ் வைத்திருந்தார். அந்நாளில் அங்கே குளிர்காலத்தில் தெருக்களில் பனி அள்ளுவதில்லை. 1934 இல் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் இறந்தான். பனி மூடிய தெருவில் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி இருக்கவில்லை. அதற்கு முன்பே பனியில் ஓடும் வண்டி செய்யும் முயற்சியில் இறங்கியிருந்தவர், 1937 இல் பல்சக்கரமும் பட்டையும் சேர்ந்த ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959 இல் ஸ்கீ-டூ வந்தது: முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ஒரு பட்டை. அவர் 1964 இல் காலமானார். அவருடைய நிறுவனத்தின் பனிவண்டிக் கிளைதான் 2003 இல் பிஆர்பி என்று தனியாகப் பிரிந்து, 2007 இல் ஸ்பைடரை வெளியிட்டது. சறுக்குக் கட்டைகளைக் கழற்றி இரண்டு சக்கரம், பட்டையைக் கழற்றி ஒரு சக்கரம். பனிவண்டி கோடைக்கு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அந்த வண்டியைப் பனிவண்டிகளின் நாட்டுக்கே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே சட்பரி, அங்கிருந்து மேற்கே சூ செயின்ட் மரீ, பிறகு சுப்பீரியர் ஏரியின் வடகரையைப் பிடித்துக்கொண்டு 17ஆம் நெடுஞ்சாலையில் தண்டர் பே, அமெரிக்க எல்லை கடந்து மினசோட்டா, விஸ்கொன்சின், மிச்சிகன் வழியாகத் தென்கரை. ஜூலை மாதம். கூட வந்தவர் என்னைவிட மூத்தவர், ஹோண்டா கோல்ட் விங் வைத்திருப்பவர். இரண்டு சக்கரத்திலிருந்து மூன்றுக்குப் போவதை ஊன்றுகோல் வாங்குவதைப் போல நினைக்கிறவர்.

அவர் நினைப்பில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஸ்பைடர் ஓட்டுபவர்களில் நரை தலைகள் அதிகம். முழங்கால் போனவர்கள், இடுப்பு மாற்றியவர்கள், கணவனின் பின்னிருக்கையில் பல காலம் இருந்து அலுத்துப்போய் முன்னிருக்கைக்கு வந்த பெண்கள். 450 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைச் சரளைக்கல் நிலத்தில் ஒற்றைக் காலால் தாங்கிப் பிடிக்கும் வேலை இதில் இல்லை. சிவப்பு விளக்கில் காலை எடுக்காமலே இருக்கலாம். பின்னோக்கிப் போகவும் கியர் உண்டு. கலிபோர்னியாவில் இதற்குக் கார் உரிமமே போதும். கியூபெக்கில் கார் உரிமக்காரர் ஒரு சிறு பயிற்சி எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் மோட்டார் சைக்கிள் உரிமம் வேண்டும். சட்டங்களுக்கே இது என்ன வண்டி என்று இன்னும் தெளிவில்லை.

ஓட்டத் தொடங்கினால் கைக்கும் அதே குழப்பம். இரண்டு சக்கர வண்டி வேகத்தில் போகும்போது வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்கைப் பிடியை மெல்ல முன்னுக்குத் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் பார்க்கும், வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே திரும்பும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, உடம்பே செய்கிறது. ஸ்பைடர் சாயாது. வலப்பக்கம் போக இடக்கையைத் தள்ளி வலக்கையை இழுக்க வேண்டும், நேர் எதிர். பழைய பழக்கத்தில் வலக்கையைத் தள்ளினால் வண்டி எதிர்ப்பக்கம் போகும், அங்கே வருவது மரம் ஏற்றிய லொறி. பிரேக்கும் அப்படித்தான். வலக்கை விரல்கள் நீண்டு முன்பிரேக்கைத் தேடும். அங்கே ஒன்றும் கிடையாது. வலக்கால் மிதிதான் மூன்று சக்கரத்துக்குமான பிரேக். கிளச்சும் இல்லை. இடக்கைப் பெருவிரலால் ஒரு பொத்தானைத் தள்ளினால் கியர் ஏறும். வேகம் குறைந்தால் தானே இறங்கும். இரண்டு சக்கரத்தில் அனுபவமே இல்லாதவர் இதைச் சீக்கிரம் பழகிவிடுவார் என்று பயிற்றுநர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அவருக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து சட்பரி சுமார் 400 கி.மீ. முதல் பாதி வார இறுதிக் குடில்களுக்குப் போகும் கார்க்கூட்டம், மறுபாதி பாறையை வெட்டித் திறந்த அகலத் தெரு. சட்பரியில் உலகத்திலேயே பெரிய நிக்கல் காசு நிற்கிறது. படம் எடுக்க வேண்டியவர்கள் எடுக்கலாம். சட்பரியிலிருந்து சூ வரைக்கும் 300 கி.மீ., பண்ணைகளும் சிற்றூர்களும், குதிரை வண்டியில் போகும் மெனனைட் குடும்பங்களும். இந்த 700 கி.மீ. தூரத்தில் ஸ்பைடரில் போவதும் கூரையில்லாத காரில் போவதும் ஒன்றுதான் என்றார் கோல்ட் விங்காரர். நான் மறுக்கவில்லை.

எரிச்சல் வந்தது வேறு காரணத்தால். இரண்டு சக்கரக்காரர் தெருவில் ஒரு கோட்டைத் தெரிவு செய்து அதில் போவார். குழி வந்தால் விலகுவார். கார்க்காரர் குழியை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுக் கடப்பார். மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம். முன்சக்கரங்களுக்கு நடுவே குழியை விட்டால் பின்சக்கரம் சரியாக அதற்குள்தான் இறங்கும். விலகினால் முன்சக்கரம் ஒன்று இறங்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகி ஒன்ராறியோவின் வடக்குத் தெருக்கள் பிளந்துபோகும், கோடை முழுவதும் ஒட்டுப்போடுவார்கள். அந்த ஒட்டுக்களின் எண்ணிக்கை என் முதுகெலும்புக்குத் தெரியும். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் முள்ளம்பன்றிக்கும் இதே கணக்குத்தான், அதன் முள் சக்கரத்தில் ஏறாமல் கடக்க வேண்டுமானால் பாதையை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்.

சூவைத் தாண்டி வடக்கே திரும்பியதும் ஏரி தொடங்குகிறது. ஏரி என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. 82,000 சதுர கி.மீ. பரப்பு, நன்னீர் ஏரிகளில் பரப்பால் உலகத்தில் முதலாவது, இலங்கைத் தீவைவிடப் பெரியது. ஆகக்கூடிய ஆழம் 406 மீற்றர். உலகத்தின் மேற்பரப்பு நன்னீரில் பத்தில் ஒரு பங்கு இதில் கிடக்கிறது என்பார்கள். மறுகரை தெரியாது, அலை வரும், மணல் உண்டு, உப்பு மட்டும் இல்லை. ஜூலையிலும் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். அந்தக் குளிர் தெருவுக்கும் வரும். மலைக்கு உட்பக்கம் வெயில் சுட்டுக்கொண்டிருக்க, தெரு ஒரு வளைவு இறங்கிக் கரைக்கு வந்தால் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த மாதிரிக் காற்று மாறும். கோட்டின் கழுத்துச் சிப்பை நெஞ்சில் இறக்குவதும் ஏற்றுவதுமாகவே அந்தப் பகல் போனது.

இந்தத் தெருவின் வயதை நினைத்தால் வியப்பாக இருக்கும். சூவிலிருந்து வடக்கே போன தெரு அகவாவில் முடிந்துபோனது. அதற்கும் மரத்தானுக்கும் இடையே காடும் பாறையும்தான். கனடாவுக்குள்ளேயே ஏரிக்கரை வழியாகக் கிழக்கிலிருந்து மேற்கே கார் ஓட்ட முடியாமல் இருந்தது. அந்த இடைவெளி 1960 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. குரூப் ஒஃப் செவன் ஓவியர்கள் 1920களில் இந்தக் கரையை வரைய வந்தபோது ரயிலில் வந்து, எங்கோ ஓர் இடத்தில் இறங்கி, கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அவர்களில் ஒருவரான லோரன் ஹாரிஸ் வரைந்த மொட்டை மரமும் வெளிச்சமும் நிறைந்த சுப்பீரியர் ஓவியங்களை ஒட்டாவாவில் பார்த்தபோது அவர் எதையோ கூட்டிச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. நேரில் பார்த்தபின் அவர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது.

நான் அந்த ஏரியைப் பார்த்தேன். கோல்ட் விங்காரர் தெருவைத்தான் பார்த்தார். வடகரைத் தெரு ஏறி இறங்கி வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு சக்கரக்காரரின் கண் வளைவின் முடிவில் இருக்க வேண்டும், மனமும் அங்கேதான். கண் போன பக்கம் வண்டி போகும் என்பது அவர்களுடைய முதல் பாடம். அதில் அவர்களுக்கு ஒரு பேரின்பம் இருக்கிறது, நானும் ஒருகாலத்தில் அனுபவித்தது. உடம்பும் வண்டியும் ஒன்றாகச் சாய்ந்து எழும் அந்தக் கணத்துக்கு ஈடாக ஸ்பைடரில் ஒன்றுமில்லை. வளைவில் ஸ்பைடர் நிமிர்ந்தே நிற்கும். ஓட்டுபவரைத்தான் வெளியே எறியப் பார்க்கும். உட்பக்கமாக உடம்பைச் சாய்த்து, வெளிப்பக்க முழங்காலைத் தாங்கிக்கு முட்டுக்கொடுத்து, கையால் இழுத்துத் திருப்ப வேண்டும். மிஞ்சிய வேகத்தில் போனால் பொஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய கணினி அமைப்பு எஞ்சினின் வலுவைக் குறைத்து, தேவையான சக்கரத்தை மட்டும் பிடித்து நேராக்கும். அது நல்ல காவல்தான்; ஆனால் யாரோ பக்கத்தில் இருந்து கண்டிக்கிற உணர்வு வரும். இருந்தும் ஒரு நேர்த்துண்டு வந்தால், பத்து வினாடிக்கு, கவலையில்லாமல் தலையை முழுதாகத் திருப்பித் தண்ணீரைப் பார்க்கலாம். அந்தப் பத்து வினாடிகளைச் சேர்த்தால் எனக்குக் கிடைத்த ஏரி அவருக்குக் கிடைத்ததைவிட மிகப் பெரியது.

மொன்றியல் ஆற்று மலையேற்றம் இந்தத் தெருவில் பெயர்பெற்றது. ஆற்றைத் தாண்டியதும் ஏறத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். மரம் ஏற்றிய லொறிகள் அதில் மூச்சுவாங்குவதைப் பின்னால் நின்று பார்த்தோம். 1,330 சிசி மூன்று சிலிண்டர் ரோட்டக்ஸ் எஞ்சினுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஒஸ்திரியாவில் செய்யப்படும் எஞ்சின், மலைகள் அதற்குப் பழகியவை. இந்த மலையை டெரி ஃபொக்ஸ் 1980 இல் ஒற்றைக் காலோடும் ஒரு செயற்கைக் காலோடும் ஓடி ஏறினார். புற்றுநோயால் காலை இழந்த 22 வயது இளைஞர், புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் சேர்க்க அத்திலாந்திக் கரையிலிருந்து நாளுக்கு ஒரு மரதன் தூரம் என்று ஓடிவந்தவர். இந்த மலையைப் பற்றித்தான் பலர் அவரை முன்கூட்டியே பயமுறுத்தியிருந்தார்கள். கியர் மாற்றும் பெருவிரலுக்குக்கூட வேலையில்லாமல் அதில் ஏறுபவருக்குக் கொஞ்சம் வெட்கம் வரத்தான் செய்யும்.

அகவா விரிகுடாவில் ஒரு பாறைச் சுவரில், தண்ணீரை ஒட்டி, பூர்வகுடி அனிஷினாபே மக்கள் செங்காவியில் வரைந்த உருவங்கள் உள்ளன. கொம்பும் முதுகு முள்ளும் கொண்ட மிஷிபிஷூ என்ற நீர்ப்பூனை, தோணிகள், பாம்புகள். அதைப் பார்க்கச் சரிவான ஒரு பாறைத் திட்டில், பதித்திருக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சப்பாத்து இதற்கு ஆகாது. அலை பெரிதாக இருந்தால் போக விடமாட்டார்கள். எங்களுக்கு ஏரி அமைதியாக இருந்தது. ஏரியின் சீற்றத்துக்கு உரிய அந்த உருவத்துக்கு முன்னால் ஒரு கிழவி புகையிலை வைத்துவிட்டு எங்களுக்கு வழிவிட்டார். இந்த ஏரியை நம்பி வாழ்ந்தவர்கள் அதற்கு எப்படியொரு முகம் கொடுத்தார்கள் என்பதைக் கண்டபின், மற்றவர்கள் கட்டிவைத்த பெரிய காசு, பெரிய வாத்து எல்லாம் விளையாட்டுச் சாமான்களாகத் தெரிகின்றன.

பெரிய வாத்து வாவாவில் இருக்கிறது. 1960 இல் தெரு திறந்தபோது அது ஊரின் நடுவே போகாமல் ஒதுங்கிப் போனதால், போகிற வண்டிகளை ஊருக்குள் இழுக்க ஒரு கடைக்காரர் யோசித்துச் செய்த வேலை. முதல் வாத்து சாந்தில் செய்தது, அந்தக் காலநிலையைத் தாங்கவில்லை. 1963 இல் இரும்பில் செய்தார்கள், அது துருவேறி 2017 இல் புதிது வந்தது. சூவிலிருந்து வாவா 225 கி.மீ. அளவில் வரும். ஸ்பைடரின் தொட்டி 26 லீற்றர். எதிர்க்காற்று இல்லாவிட்டால் 300 கி.மீ. தாராளமாகப் போகலாம். எதிர்க்காற்று இருந்தால் முன்பக்க அகலம் முழுவதும் காற்றைத் தள்ள வேண்டும், அப்போது ஊசி கண்முன்னே இறங்கும். உயர்ரக பெற்றோல் போடுவதுதான் இதற்கு நல்லது, அது எல்லா நிலையத்திலும் கிடைக்காது. எனவே எங்கள் விதி: பாதி குறைந்தால் நிறுத்து.

வைட் ரிவரில் நின்றதும் பெற்றோலுக்குத்தான். 1914 ஓகஸ்டில் இந்த ரயில் நிலையத்தில் இறங்கிய ஹரி கோல்பேர்ன் என்ற இராணுவ மிருக வைத்தியர் ஒரு வேட்டைக்காரரிடம் கரடிக்குட்டி ஒன்றை 20 டொலருக்கு வாங்கினார். அது லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போய், கிறிஸ்தோபர் ரொபின் என்ற சிறுவனுக்குப் பிரியமாகி, வின்னி த பூ ஆனது. ஊர் இப்போது அந்தக் கரடியின் பெயரில்தான் ஓடுகிறது. குளிர்காலத்தில் இந்த ஊர்களின் விடுதிகளை நிரப்புபவர்கள் பனிவண்டிக்காரர்கள். பெற்றோல் நிலையத்தில் நின்ற ஓர் ஆள் என் வண்டியைக் குனிந்து பார்த்து, முன் தொங்கல் அமைப்பைத் தட்டி, தன்னுடைய ஸ்கீ-டூவுக்கும் இதுதான் என்றார். ரொறன்ரோவில் ஓட்டோ என்றார்கள், இங்கே பனிவண்டி. அவர்தான் வண்டியின் பூர்வீகத்தைச் சரியாகக் கண்டவர்.

மழை மரத்தானுக்கு முன்னால் பிடித்தது. இங்கேதான் மூன்று சக்கரத்தின் இன்னொரு குணம் தெரியவரும். வழுக்கி விழும் பயம் இல்லை என்று நினைத்துக்கொண்டு மழையில் இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பின்சக்கரத்தின் அகலம் 225 மி.மீ., காரின் சக்கரம். அதன் மேல் இருக்கும் பாரமோ காரின் பாரமல்ல. அகலமான, பாரம் குறைந்த சக்கரம் தேங்கிய தண்ணீரை வெட்டி நிலத்தைத் தொடாது. தண்ணீருக்கு மேல் ஏறி மிதக்கும். அதுவும் லொறிகள் அழுத்திய இரண்டு பள்ளங்களில் முன்சக்கரங்கள் ஓட, பின்சக்கரம் நடுவில் எண்ணெய் வடிந்த திட்டில் ஓடும். பின்பக்கம் மெல்ல விலகும், கணினி பிடித்துக்கொடுக்கும், மீண்டும் விலகும். கோல்ட் விங் தன் ஒற்றைத் தடத்தைத் தெரிந்தெடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டது. மழையில் அவர் என்னைவிட வேகமாகப் போனார் என்பதை இங்கே எழுத வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

நெய்ஸ் பூங்காவில் இரவு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் கைதிகளை வைத்திருந்த முகாம் இது. சுற்றிவரக் காடும் அந்தத் தண்ணீரும் இருக்க, வேலி எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றும். மாலை மங்கிய பின் இந்தத் தெருவில் ஓடக்கூடாது என்பதை இரண்டு பேரும் விவாதமில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தோம். மூஸ் மானின் உடம்பு முகவிளக்கு வெளிச்சத்துக்கு மேலே நிற்கும், நிறமோ தாரின் நிறம். அந்த விடயத்தில் இரண்டு சக்கரத்துக்கும் மூன்றுக்கும் வித்தியாசமில்லை.

நிபிகனில் ஒரு பாலம் இருக்கிறது. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் தெருவால் இணைக்கும் ஒரே இடம். வேறு வழி வேண்டுமானால் அமெரிக்காவுக்குள் போய்ச் சுற்ற வேண்டும். கம்பிவடத்தில் தொங்கும் புதுப்பாலத்தின் முதல் பாதியை 2015 இல் திறந்தார்கள். 2016 ஜனவரியில் ஒரு குளிர் நாளில் ஆணிகள் அறுந்து பாலத்தின் ஒரு பகுதி அரை மீற்றருக்கு மேல் உயர்ந்து நின்றது. நாட்டின் தெரு அறுந்தது. மறுநாள் ஒற்றை வழியாகத் திறந்தார்கள், பிறகு திருத்தினார்கள். நாங்கள் கடந்த அன்று பக்கக் காற்று பலமாக அடித்தது. கோல்ட் விங் காற்றுப் பக்கம் சாய்ந்து சாய்ந்து போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஸ்பைடர் சாயாமல் காற்றை வாங்கும். வண்டியைத் தள்ளாமல் என் தலைக்கவசத்தைத் தள்ளியது காற்று. கழுத்து அன்றிரவு வலித்தது.

தண்டர் பேக்கு வெளியே டெரி ஃபொக்ஸ் சிலை. 143 நாட்கள், 5,373 கி.மீ. ஓடி, 1980 செப்டெம்பர் 1 அன்று இந்தப் பக்கத்துத் தெருவில் நின்றுபோனார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறு ஆண்டு ஜூனில் காலமானார். சிலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்களுக்குள் ஒரு வணக்க முறை உண்டு: எதிரே வருபவருக்கு இடக்கையைத் தாழ்த்தி இரண்டு விரலை நிலத்தை நோக்கிக் காட்டுவது. தெற்கே ரொறன்ரோ பக்கத்தில் ஸ்பைடரைக் கண்டு சில ஹார்லிக்காரர்கள் அந்த விரலை மடக்கிவைப்பதுண்டு. வடகரையில் அப்படி ஒருவரையும் காணவில்லை. ஊர்கள் தூரத்தில் இருக்கும் தெருவில் சக்கரக் கணக்கு யாருக்கும் முக்கியமில்லை போலும். தண்டர் பேயின் இளஞ்சிவப்புப் பூச்சுப் பூசிய ‘பேர்சியன்’ பணிஸ் தேத்தண்ணியோடு நன்றாக இருந்தது, கொஞ்சம் தித்திப்புக் கூட.

எல்லை கடந்தால் மினசோட்டாவின் 61ஆம் தெரு. பயணக் காப்புறுதிப் பத்திரம் சட்டைப் பையில் இருக்கிறதா என்று கனடாத் தமிழர் எல்லோரும் தடவிப் பார்க்கும் இடம். மறுபுறத்தில் தலைக்கவசம் இல்லாத தலைகள் தெரியத் தொடங்கின. மினசோட்டாவிலும் விஸ்கொன்சினிலும் வயது வந்தவர்களுக்கு அது கட்டாயமில்லை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. ஸ்பிளிட் ரொக் கலங்கரை விளக்கம் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. 1905 நவம்பர்ப் புயல் பல கப்பல்களைக் கரையில் அடித்து உடைத்தபின் கட்டி, 1910 இல் விளக்கேற்றினார்கள். வேலை முடிந்து பல காலமாகியும் ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் 10 அன்று, விளக்கை ஏற்றுகிறார்கள். 1975 இல் அன்றுதான் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இரும்புத்தாதுக் கப்பல் 29 பேருடன் இந்த ஏரியில் மூழ்கியது. ஒருவரும் மீளவில்லை.

தென்கரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டுலூத் அழகான துறைமுகம். அதற்குப் பிறகு மரம், மரம், மரம். ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் தெருவுக்குத் தெரியாது. மிச்சிகனின் 28ஆம் தெருவில் ஷிங்கில்டனுக்கும் சேனிக்கும் இடையே 40 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லை. சேற்று நிலத்தை அறுத்துப் போட்ட கோடு. ஷிங்கில்டனில் கோல்ட் விங்காரர் திடீரென்று தலைக்கவசத்தைக் கழற்றி, “தம்பி, அதைத் தா பாப்பம்” என்றார். அவருடைய திறப்பு என் கைக்கு வந்தது.

அவர் முன்னால் போனார். பாதைக்குள்ளேயே வண்டி இடமும் வலமுமாக அலைந்தது. ஸ்பைடரின் கைப்பிடி மின்விசையால் இளக்கப்பட்டது, இறுக்கிப் பிடித்தால் கையின் ஒவ்வொரு நடுக்கமும் சக்கரத்துக்குப் போகும். நான் பின்னால் அவருடைய வண்டியில், அந்த ஆறு சிலிண்டரின் மெல்லிய முனகலைக் கேட்டுக்கொண்டு, ஒரு வளைவுக்காகக் காத்திருந்தேன். 40 கி.மீ. தூரத்திலும் வரவில்லை. கடைசியில் சேனியில் பெற்றோல் நிலையத்துக்குள் திரும்பும் அந்த ஒரே ஒரு இடத்தில் வண்டி சாய்ந்து எழுந்தது. அவ்வளவுதான். அதற்குள்ளேயே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் இறங்கித் தோளைச் சுழற்றினார். “கை உளையுது. நேர் ரோட்டிலயும் இதைப் பிடிச்சுக்கொண்டே இருக்க வேண்டிக்கிடக்கு.”

“இறுக்கிப் பிடிக்கப்படாது அண்ணை. விரலாலதான் பிடிக்க வேணும்.”

“விரலால பிடிக்கிறதுக்கு இதென்ன பேனையோ?” என்று திறப்பை நீட்டினார்.

செயின்ட் இக்னேஸில் மக்கினா பாலம். 1957 நவம்பரில் திறந்தது, 8 கி.மீ. நீளம், மிச்சிகன் ஏரியும் ஹியூரான் ஏரியும் சந்திக்கும் நீரிணைக்கு மேலே. தொங்குபாலப் பகுதியில் உட்புற வழிகளின் தளம் இரும்புக் கிராதி. காற்று கீழிருந்து மேலே புகுந்து போக வேண்டும் என்பதற்காக அப்படி விட்டிருக்கிறார்கள். இரண்டு சக்கரக்காரர்களுக்கு அந்தக் கிராதி பிடிக்காது. சக்கரத்தின் தவாளிப்புகள் கம்பியில் மாட்டி மாட்டி வண்டி தானாக நெளியும். விழாது என்று மூளைக்குத் தெரிந்தாலும் கை ஒத்துக்கொள்ளாது. கோல்ட் விங்காரர் வெளிப்புறத் தார்வழியைப் பிடித்துக்கொண்டார். நான் வேண்டுமென்றே உட்புறம் போனேன். மணிக்கு 45 மைல்தான் அனுமதி. கிராதி மூன்று தடத்திலும் மூன்று சுருதியில் இரைந்தது, வண்டி அசையவில்லை. இருவரும் அருகருகே போனோம், அவர் பார்வையை முன்னே வைத்தபடி, நான் சக்கரங்களுக்கு நடுவால் கீழே எட்டிப் பார்த்தபடி.

மக்கினா சிட்டியில் இறங்கிப் பெற்றோல் அடிக்கும்போது, “கீழ தண்ணி தெரிஞ்சதோ?” என்று கேட்டார். தெரிந்தது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “மழையில நான்தான் முன்னுக்குப் போனனான், அதையும் மறக்காமல் எழுது” என்றார்.

அங்கிருந்து வீடுவரை 75, 69, எல்லைப் பாலம், 402, 401. முழுவதும் லொறிகள். எழுத ஒன்றுமில்லை.